ஊட்டுதலும் உண்ணுதலும்

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை வகுப்பில் விளக்க முற்படும்போதெல்லாம் தமிழாசிரியரின் நாவில் முதலில் வந்து நிற்கும் இணைகளுள் ஒன்று ‘உண்டான் – ஊட்டினான்’ என்பதாகும். உண்டான் என்றால் தானே உண்டான். ஊட்டினான் என்றால் பிறரை உண்ணச் செய்தான். இலக்கணம் இவ்வளவோடு அமைந்துவிடுகிறது. வாழ்க்கையோ அவ்வளவு எளிதில் அமைவதில்லை. ஊட்டுகின்றவர் எத்துணை முயன்றாலும், உண்ண வேண்டிய உயிர் தானே விரும்பி உண்டாலன்றி ஊட்டுதல் என்னும் வினை முற்றுப் பெறுவதில்லை. இவ்வுண்மையை எனக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியது நூலொன்றன்று. ஒன்றரை அடி நீளமே உள்ள ஒரு பாம்பின் இளங்குட்டி என்றால் மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். நகைத்த பின்னராவது தொடர்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

என் மூத்த சகோதரி, திருமணமான நாள்தொட்டுக் கணவரோடு இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்து வருகிறார். 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் அவர் இல்லத்தில் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. லாத்தாவின் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. கலகலப்பான பிள்ளை. நான் சென்றிறங்கிய அன்று என்னைக் கட்டித் தழுவிக்கொண்ட அவன், தேநீர் அருந்தவும் விடாமல் கைப்பிடித்து இழுத்துச் சென்று காட்டியது, கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடந்த ஒரு மலைப்பாம்புக் குட்டியை. “மாமா, நாலு வாரமா ஒண்ணுமே சாப்பிடல. செத்துப் போயிடுமா?” என்று அவன் கேட்டபோது அவன் குரல் உடைந்திருந்தது.

பாம்பை வீட்டில் வளர்ப்பதா என்று நம்மூர்ப் பெரியவர்கள் திகைப்பார்கள். அந்நாட்டில் அது வியப்பன்று. நாயையும் பூனையையும் வளர்ப்பது போலவே நச்சற்ற பாம்புகளையும் வளர்ப்போர் அங்குப் பலர். அவர்கள் ‘ராயல் பைத்தான்’ என்று அழைக்கும் இச்சிறு மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழ்வது. அச்சம் நேரும்போது தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடலைப் பந்தைப் போலச் சுருட்டிக்கொள்வதால் அமெரிக்கர் இதற்குப் ‘பந்துப் பாம்பு’ எனப் பொருள்படும் பெயரை இட்டுள்ளனர். வளர்ந்த நிலையிலும் பெரும்பாலும் நான்கைந்து அடியைத் தாண்டாது; கடிப்பதும் அரிது. பெனின் நாட்டின் விதா நகரில் இதற்கென ஒரு கோயிலே உண்டு. அவ்வூரார் இதனைக் கொல்வதில்லை. அதே பெனினிலிருந்தும், அருகிலுள்ள நாடுகளாகிய டோகோ, கானா ஆகியவற்றிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இப்பாம்புகள் வணிகத்திற்காக ஏற்றுமதியாகின்றன. ஒரே உயிர் ஒரு தெருவில் வணங்கப்படுவதும் மறு தெருவில் விலைபேசப்படுவதும் உலகியல்பு போலும். லாத்தா வீட்டுக் குட்டி ஆப்பிரிக்காவைக் கண்டதில்லை. இங்கிலாந்திலேயே ஒரு வளர்ப்பாளரிடம் முட்டையிலிருந்து வெளிவந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் வாங்கி வரப்பட்டது. வந்த நாளிலிருந்து இரையைத் தொடவில்லை.

இங்கே ஓர் இலக்கணச் செய்தியைச் சொல்லாமல் செல்ல என் தொழில் இடந்தரவில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும்போது, பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைக் கூறி, தவழ்வனவற்றிற்கும் அவையே உரியன என்கிறது. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று நாம் வழங்குவதைப் போலப் பாம்பின் இளமையையும் பிள்ளை எனல் மரபுக்கு ஒத்ததே. இதனை நான் லாத்தாவிடம் சொன்னேன். “எனக்கு அல்லாஹ் குடுத்த புள்ள ஒண்ணு போதாதா தம்பி, இதுவும் ஒரு புள்ளையா?” என்று கேட்டுவிட்டு அவர் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். அவர் சினந்தது போல் தோன்றினாலும் அது சினமன்று, அச்சம். அன்றிரவு உணவுக்குப்பின் அவரே மனந்திறந்தார்.

அவருடைய அச்சத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, சட்டம். பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விலங்கை விற்கலாகாது. அவ்வயதுக்குட்பட்ட பிள்ளை பேணும் விலங்கிற்கு, அப்பிள்ளையைப் பேணுகின்ற பெரியவரே பொறுப்பாளி. ஏற்ற இருப்பிடம், ஏற்ற உணவு, இயல்புப்படி நடக்கும் வாய்ப்பு, துன்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் காப்பு முதலியவற்றைத் தருதல் அவரது கடமை. இரண்டாவது காரணம், சட்டத்தினும் ஆழமானது. பூனை ஒன்றைக் கட்டிவைத்து, அதற்கு உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் மாய்த்த பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) எடுத்துரைத்த செய்தியை நாமெல்லாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். “அந்தப் பூனையாவது கட்டி வச்சதுனால சாப்பிட முடியாமச் செத்துச்சு. இதுக்கு நாங்க குடுக்கத்தான் செய்றோம். அது வாயத் திறக்க மாட்டேங்குது. அடைச்சு வச்சது நாங்கதானே தம்பி? நாளைக்கு எனக்கு என்ன பதில் இருக்கு?” என்றார். நகைப்புக்குரியதாகத் தொடங்கிய செய்தி அந்த வினாவோடு என் உள்ளத்தில் கனத்துவிட்டது. அடைத்து வைத்தவர் மேல் ஊட்டும் கடன் விழுகிறது. ஆனால் உண்பது அடைபட்டதன் உரிமையாக நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் தவிப்பவர் பொறுப்பாளி.

மருமகனோ தன்னாலான அனைத்தையும் செய்துகொண்டிருந்தான். அதுவே இடராகவும் இருந்தது. இரையாக அங்கே விற்கப்படுவன, வலியின்றிக் கொல்லப்பட்டு உறையவைக்கப்பட்ட எலிகள். வீட்டு இறைச்சியோடு எலியை வைப்பதாவது என்று லாத்தா மறுத்துவிட்டமையால், மச்சான் அதற்கென்றே ஒரு சிறு உறைபெட்டி வாங்கி வண்டிக் கொட்டகையில் வைத்திருந்தார். பையன் இரண்டு நாளுக்கொருமுறை ஒரு சுண்டெலியை எடுத்து, இடுக்கியில் பிடித்து, பாம்பின் முகத்தருகே ஆட்டுவான், மூக்கில் இடிப்பான். அது பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிறகு மனம் பொறாமல் அதனைக் கையிலெடுத்துத் தடவிக் கொடுப்பான். பள்ளித் தோழர்கள் மாலைதோறும் வந்து பார்த்துச் செல்வார்கள். தொட்டி, தொலைக்காட்சி இருந்த கூடத்தில் இருந்தது. பாசம் மிகுதியாக இருந்தது; அமைதி என்பது அணுவளவும் இல்லை.

வாங்கி வந்த நாளில் குட்டியின் எடை 104 கிராம். நான் சென்ற நாளில் 98 கிராம். தோழன் ஒருவன், வாயைத் திறந்து எலியை உள்ளே தள்ளிவிட்டால் தானே விழுங்கிவிடும் என்று வழி சொல்லியிருந்தான். வேறு வழியில்லை என்று பையனும் துணியத் தொடங்கியிருந்தான். முதலில் மருத்துவரிடம் காட்டுவோம் என்று நானும் மச்சானும் கூறி, அவ்வாரமே இத்தகைய உயிர்களைப் பார்க்கும் விலங்கு மருத்துவர் ஒருவரிடம் மூவருமாகச் சென்றோம்.

அவ்வம்மையார் குட்டியின் வாயில் புண்ணுண்டா, மூச்சில் இரைச்சலுண்டா, செதில்களுக்கிடையே உண்ணிகள் உண்டா என்று பொறுமையாகப் பார்த்தார். நோயொன்றும் இல்லை என்றார். எடை 97 கிராம். பின்னர் அவர் சொன்னவற்றின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

பாம்பு குளிர்குருதி உயிர். உணவை எரித்து உடலைச் சூடாக்கிக்கொள்ளும் தேவை அதற்கில்லை. ஆதலின் நம்மைப் போல் மூன்று வேளை உண்ண வேண்டியதில்லை. இவ்வினத்தில் வளர்ந்த பாம்புகள் மாதக்கணக்கில் உண்ணாதிருத்தல் இயல்பு. இளங்குட்டிக்கு அத்துணைச் சேமிப்பு இல்லை என்பதால் விழிப்பு வேண்டும். அதேவேளையில், வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் அது உண்ணாது, உண்டாலும் செரிக்காது, விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகிவிடும். ஆகவே பசியில்லை என்று கருதுமுன் சூடுண்டா என்று பார்க்க வேண்டும். இது கறையான் புற்றிலும் எலி வளையிலும் பகலெல்லாம் மறைந்திருந்து இரவில் வெளிவரும் உயிர். தன் உடலின் இரு பக்கமும் சுவர் உரசுமளவு இறுக்கமான மறைவிடம் கிடைத்தால்தான் அச்சம் தணியும். அச்சம் தணியாமல் எந்த உயிரும் வாய் திறப்பதில்லை. வாயைத் திறந்து ஊட்டுவது இறுதி வழி. அதில் பல்லும் தொண்டையும் புண்படலாம். அதனினும் கேடாக, உணவையே அது பகையாகக் கருதத் தொடங்கலாம். எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மறுபடி வாருங்கள். அப்போது பார்ப்போம் என்று கூறி அனுப்பினார்.

பத்து விழுக்காடு என்றால் 94 கிராம். எங்கள் கையில் மூன்று கிராமே இருந்தது.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தொட்டியின் சூட்டை அளந்தோம். பக்கச் சுவரில் ஒட்டியிருந்த வெப்பமானி ஏற்ற அளவையே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குட்டி கிடக்கும் தரையில் வைத்து அளந்தபோது 27 பாகையே இருந்தது. தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியசும், மறு பக்கம் 26 பாகையளவும் இருத்தல் வேண்டும். சூட்டையும் குளிர்ச்சியையும் தேவைக்கேற்பத் தானே நாடிச் செல்ல அப்போதுதான் இயலும். மச்சான் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைத் தரையோடு பொருத்தி அதனைச் சரிசெய்தார். தொட்டியைக் கூடத்திலிருந்து மாடியில் ஆளரவமற்ற ஒரு மூலைக்கு மாற்றினோம். மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினோம். அடியில் தென்னைநார்த் துகளைப் பரப்பினோம். அத்துகள் வந்த உறையில் ‘இந்தியா’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு லாத்தா முதன்முறையாகப் புன்னகைத்தார். மறைவிடத்திற்கு என்ன செய்வது என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கையில், அவரே அடுக்களையிலிருந்து இரண்டு கொட்டாங்கச்சிகளைக் கழுவிக் கொணர்ந்து, விளிம்பில் குட்டி நுழையுமளவு ஒரு வாயில் வெட்டித் தந்தார். ஒன்று சூடான பக்கம். மற்றொன்று குளிர்ந்த பக்கம். நம் கடற்கரையூர்க் கொட்டாங்கச்சியில் ஆப்பிரிக்கப் பாம்பின் பிள்ளை குடியேறியது.

அதன்பின் பத்து நாள் தொடுவதில்லை, இரை காட்டுவதில்லை, தோழர்களை அழைப்பதில்லை என்று முடிவாயிற்று. எல்லாவற்றிலும் கடினமானது இதுவே. செய்வதற்கு ஏதேனும் இருந்தால் மனித மனம் ஆறுதல் கொள்ளும், செய்யாதிருத்தல் பெருந்தவம். பையன் நாள்தோறும் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவான், வெப்பமானியைப் பார்ப்பான், ஓசையின்றித் திரும்பி வருவான். அந்தப் பத்து நாளில் அவன் நடையே மாறிவிட்டதை நான் கவனித்தேன். மாடிப்படியில் குதித்து ஏறியவன் அடிமேல் அடிவைத்து ஏறலானான்.

அந்நாள்களில் அவனோடு பேசிக்கொண்டிருக்கையில் ஒருமுறை, நம் நாட்டில் பாம்புக்குப் பால் வார்ப்பார்களாமே என்று கேட்டான். உண்மையை விளக்கினேன். பாலூட்டும் உயிர்களின் குட்டிகளுக்கே பால் உணவு. முட்டையிலிருந்து வெளிவந்து அன்றே தாயைப் பிரியும் பாம்புக்குப் பால் உணவன்று. அதனைச் செரிக்கும் வழியும் அதன் உடலில் இல்லை. திருவிழா நாள்களில் காட்டுவதற்காகப் பிடித்துவரப்படும் பாம்புகள், முன்னரே நீரின்றி வாட்டப்படுவதால், விடாய் தாங்காமல் எதை வைத்தாலும் குடிக்கின்றன. பின்னர் பல மாய்கின்றன. கொடுப்பவர் பக்தியோடு கொடுக்கிறார். பெற்றதோ அதனாலேயே மாய்கிறது. எது நமக்கு உயர்ந்ததோ அதையே பிறர்க்கும் ஊட்டிவிட வேண்டும் என்னும் ஆர்வம், எது அவர்க்கு உணவு என்று கேட்க மறந்துவிடுகிறது. பையன் நெடுநேரம் பேசாமலிருந்தான்.

பத்தாம் நாள் எடை 96 கிராம். அன்றிரவு முதல் முயற்சி. சுண்டெலியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மெல்ல உறைவு நீக்கி, பின்னர் நெகிழிப் பையிலிட்டு வெந்நீரில் அமிழ்த்திச் சூடேற்றினோம். சூடு ஏன் என்பதற்கு ஒரு காரணமுண்டு. மலைப்பாம்புகள் பலவற்றின் உதட்டோரத்தில் சிறு குழிகள் வரிசையாக உள்ளன. இருளிலும் இரையின் உடற்சூட்டை அக்குழிகள் உணர்கின்றன. அவ்வுணர்வு மூளையில் கண்ணின் காட்சியோடு இணைகிறது. பாம்பைக் ‘கட்செவி’ என்று அழைத்தனர் நம் முன்னோர், கண்ணே செவியாக உடையது என்னும் கருத்தில். பாம்பு கண்ணால் கேட்பதில்லை எனினும், உதட்டால் காண்கிறது என்பது அறிவியல். ஆகவே ஆறிப்போன எலி அதன் உலகில் உணவே அன்று. கல்லும் அதுவும் ஒன்று. உயிருள்ள எலியின் சூட்டளவுக்கு, அதாவது 38 பாகைக்குச் சற்று மேலாக, அதன் தலைப்பக்கத்தைச் சூடாக்க வேண்டும்.

விளக்கைத் தணித்துவிட்டு, பையன் நீண்ட இடுக்கியால் வாற்பக்கம் பற்றி, கொட்டாங்கச்சியின் வாயிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே நிறுத்திப் பிடித்தான். குட்டி தலைநீட்டியது, நாவை நீட்டி நீட்டி உள்ளிழுத்தது, பிறகு மெல்ல உள்ளே சென்றுவிட்டது. அவன் துரத்தவில்லை. இரையை வாயிலருகே வைத்துவிட்டு வந்துவிட்டோம். விடிந்து பார்த்தபோது வைத்தது வைத்தபடியே இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அது பந்தாகச் சுருளவில்லை. அஞ்சி மறுத்தலும் அஞ்சாமல் மறுத்தலும் ஒன்றல்ல. இரண்டாவது மறுப்பில் நம்பிக்கைக்கு இடமுண்டு என்று நான் அவனிடம் கூறினேன்.

மறுநாள் மச்சான் அந்த வளர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தார். விற்பனைச் சீட்டில் ‘ஐந்து முறை இரை உண்டது’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. என்ன இரை, எவ்விடத்தில், எந்நேரத்தில் என்று வினவியபோதுதான் செய்தி வெளிவந்தது. அங்கே அதற்குச் சுண்டெலி ஒருபோதும் கொடுக்கப்படவில்லை. கண் திறந்தும் திறவாததுமான பெரிய எலியின் குஞ்சுகளே கொடுக்கப்பட்டன. நமக்கு இரண்டும் எலி. அதற்கோ மணமே வேறு. முதலில் எதனை உணவென்று அறிந்ததோ அதனையே உணவென்று கொள்ளும் பிடிவாதம் இவ்வினத்திற்கு உண்டு. ஏழு வாரமாக அக்குட்டி உணவை மறுத்துக்கொண்டிருந்தது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அதன் கணக்கில், உணவு அதன் முன் வைக்கப்படவேயில்லை.

ஒரு வாரம் அமைதியாகக் கழிந்தது. எடை 95 கிராம். மே மாத இறுதியில் ஓரிரவு, பத்து மணியளவில், எலிக்குஞ்சு ஒன்றை முன்போலவே சூடேற்றிப் பையன் நீட்டினான். அவன் கை நடுங்கியது. இடுக்கியின் நுனியும் அதனோடு நடுங்கியது. அந்நடுக்கமே இரைக்கு உயிரசைவைத் தந்ததோ என்னவோ, குட்டியின் கழுத்து எழுத்து ‘ஸ’ போல வளைந்து நின்றது. கண்ணிமைக்கும் நேரம். பாய்ந்து பற்றியது, சுற்றிச் சுருண்டது. பின்னர் நெடுநேரம் அசைவில்லை. அதன்பின் தலைப்பக்கத்தைத் தேடிக் கண்டு, தாடையின் ஒரு பக்கம் முன்னே, மறு பக்கம் பின்னே என்று மாறி மாறி நகர்த்தி, மெல்ல மெல்ல உட்கொண்டது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் இருவரும் மூச்சும் விடவில்லை எனலாம்.

படிக்கட்டில் நிழலாடியது. லாத்தா நின்றிருந்தார். “சாப்ட்டுச்சா?” என்று உதடசைத்துக் கேட்டார். பையன் தலையாட்டினான். அவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி அப்படியே படியில் அமர்ந்துவிட்டார். பாம்பை வெறுத்த அத்தாயின் கண்கள் கலங்கியிருந்ததை நான் கண்டேன். இரண்டு நாள் அதனைத் தொடக்கூடாது என்று மகனுக்கு நினைவூட்டியவரும் அவரே.

உண்டபின் மலைப்பாம்பின் உடலில் நிகழ்வது பெருவியப்பு. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, இரை உண்ட 48 மணி நேரத்திற்குள் அதன் இதயத் தசை நாற்பது விழுக்காடு பெருகுவதைக் கண்டது. ஏற்றுக்கொண்ட உணவுக்காக இதயமே விரிகிறது! ஆனால் அவ்விரிவு, தானே ஏற்று, செரிக்கும் சூடும் அமைந்த உடலுக்கே வாய்க்கும். அடுத்த வாரமும் அக்குட்டி தயங்காமல் உண்டது. அதனைக் கண்ணாரக் கண்டபின்னரே, கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியமையால், நான் தாயகம் திரும்பினேன். ஒரு சிறுவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட பொறுப்பின் நீளமும் எனக்குப் புரிந்தது. இப்பாம்புகள் நெடுங்காலம் வாழ்பவை. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 2020ஆம் ஆண்டு முட்டையிட்ட ஒரு பெண்பாம்பின் வயது அறுபதைக் கடந்தது. பதினான்கு வயதில் தொடங்கிய கடமை அவன் தந்தையான பின்னும் தொடரலாம்.

இதனைப் படித்துவிட்டு நம் மாணவர் எவரும் பாம்பு வளர்க்கத் துணிய வேண்டா என்று எச்சரிப்பதும் என் கடமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிக்கவோ அடைத்து வைக்கவோ இடந்தருவதில்லை. நம் மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர். பழந்தமிழர் ‘மாசுணம்’ என்றழைத்த அதற்குக் காடே வீடு.

பாம்பை விட்டு நம் வகுப்பறைக்கு வருவோம். ஆண்டுதோறும் சூன் திங்களில் நம் முன் வந்து அமரும் முதலாண்டு மாணவர்களுள் வாய் திறவாத சிலர் இருப்பர். வினாவினால் தலைகுனிவர், எழுதச் சொன்னால் வெற்றுத் தாளைத் தருவர். இவர்களைச் சோம்பர் என்போம். அறிவு மட்டம் என்போம். மதிப்பெண்ணைக் காட்டி அச்சுறுத்தியேனும் உள்ளே தள்ளிவிட முயல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கடலோரச் சிற்றூரினன். அரையாண்டுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. ஒருநாள் அவனைத் தனியே அழைத்து, பாடத்தைப் பற்றி ஒன்றும் கேளாமல், கல்லூரிக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். விடியற்காலையில் மீன் ஏலத்திற்குக் கணக்கெழுதினேன் ஐயா என்றான். எத்தனை மீன்களின் பெயர் தெரியும் என்றேன். அவன் சொல்லத் தொடங்கினான், நான் எழுதத் தொடங்கினேன், பக்கம் நிறைந்தது. மறுநாள் நெய்தல் திணையைச் சுறவிலிருந்தும் இறவிலிருந்தும் தொடங்கினேன். அவன் நிமிர்ந்தான். அவ்வாண்டு இறுதியில் நெய்தற் கருப்பொருள் குறித்து அவன் எழுதிய கட்டுரையை என் அலமாரியில் இன்றும் வைத்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியிருந்தது அவன் அறிந்த மணம், அஞ்சாமல் இருக்க ஓரிடம், சிறிது காலம். இலண்டனில் அக்குட்டிக்கு வேண்டியிருந்தவையும் இவைதாமே!

சமுதாயப் பெரியவர்களும் பெற்றோரும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைப் பணிவோடு கூற விழைகிறேன். நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க விரும்புவன யாவும் நல்லனவே. கல்வியும் மார்க்கமும் ஒழுக்கமும் தொழிலும் நாம் தந்தே தீர வேண்டியவை. அவர்களை நம் பொறுப்பில் வைத்திருக்கும்வரை அக்கடன் நம்மை விடாது. ஆயினும் தருமுன், அவர்கள் இருக்குமிடத்தில் சூடு உண்டா என்று பார்க்க வேண்டும். சுவரில் அளந்த சூடு தரையில் இருப்பதில்லை. பெரியவர் அமரும் உயரத்தில் வீடு இதமாகத்தான் இருக்கும். பிள்ளை கிடக்கும் தரையில் குளிராக இருக்கக்கூடும். அங்கே குனிந்து அளப்பதற்குச் சிறிது பணிவு வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் எத்துணைப் பேர் வந்து எத்துணை நூல்களை உங்கள் முன் வைத்தாலும், ஏற்பது உங்கள் வினை. அதனை உங்களுக்காக வேறெவரும் செய்ய இயலாது. உங்களுக்கு ஏற்ற உணவு எதுவென்று எங்களுக்குத் தெரியாதபோது, எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பாம்புக்குட்டிக்குப் பேச வாயில்லை. அதனால் ஏழு வாரம் பட்டினி கிடந்தது. உங்களுக்கு வாயுண்டு, தமிழும் உண்டு.